ஆள்காட்டிக்கு வானம் குரல் கொடுத்தது

அந்தக் காலத்தில் தூசிக்கும் பேச்சு இருந்தது. தரையில் ஒரு குருவி கூப்பிட்டால் உச்சிவானம் வரைக்கும் கேட்டது. அப்போது, தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த ஒரு கண்மாய்க் கரையில் செம்மூக்கி என்ற ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தாள். கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பொட்டல் தரையில் கூழாங்கற்களைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டால் ஆள்காட்டிக்கு அதுதான் வீடு.

கூரையே இல்லாத வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு என்ன பயம் வரும்? வானம் இடிந்து முட்டைமேல் விழுந்துவிடுமோ என்று பயந்தாள். சிரிக்காதீர்கள். வெட்டவெளியில் நாலு முட்டையோடு உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்கும் வானம் கொஞ்சம் தாழ்வாகத்தான் தெரியும்.

கோடை முற்றியது. தரை கொதித்தது. ஆள்காட்டிகள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தன: ஓடிப்போய்த் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார வேண்டும். அந்த ஈரம் பட்டால் குஞ்சு பிழைக்கும். கீரியை விரட்டுவது புருஷன் நெட்டைக்காலனின் வேலை, முட்டையை நனைப்பது செம்மூக்கியின் வேலை.

"ஏ புள்ள, தண்ணிக்குப் போயிட்டு வா. முட்டை வெந்துரும்" என்றான் நெட்டைக்காலன், கரைமேல் உலாவும் கீரியிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் எந்திரிச்ச நேரமாப் பாத்து வானம் விழுந்துச்சுன்னா? மேல ஆளு இருக்குன்னு ஒரு குரல் வரட்டுங்க, போறேன்."

"வானம் என்னைக்கு விழுந்துச்சு?"

"விழுந்தபெறகு கேக்கச் சொல்றீங்களா?"

கழுத்தை நீட்டி, "ஓஓய்!" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள். பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

வானத்துக்கு வாய் கிடையாது. வந்த குரலைத் திருப்பி அனுப்பினால் அதுதான் அதன் பதில். அந்த வேலை, மேகமெல்லாம் முடிந்து அதற்கும் மேலே குடியிருந்த மின்பொறிகளுடையது. அவை அங்கங்கே கூட்டமாக நின்றால் குரல் முட்டித் திரும்பும். ஆனால் அந்த வாலுகள் எங்கே நின்றன? கூட்டம் சேருமுன்னே கலைந்து, வானம் முழுக்கச் சமமாகப் பரவிவிடும். செம்மூக்கியின் குரல் நடுவே புகுந்து எங்கோ போய்விட்டது.

அதே உச்சிவானத்தில் ஒரு விண்கல் எரிந்து தூளாகியிருந்தது. கீழே கோடை வந்தால் அங்கே கடுங்குளிர் அடிக்கும், அது அந்த ஊர் வழக்கம். பனி போர்த்திய அந்தத் தூள்கள் ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொண்டிருந்தன. மறுபடியும் ஒரே கல்லாகிவிட வேண்டும் என்பதைத் தவிர அவற்றுக்கு வேறு ஆசை இல்லை. அவற்றில் கரியாள் என்ற தூள் கீழேயிருந்து வந்த குரலைக் கேட்டாள்.

"ஏ பிள்ளைகளா, ஒருத்தி கூப்பிடுறாளே, காதுல விழலையா?"

"விழுதுக்கா" என்றன மின்பொறிகள். "எங்களுக்குத்தான் நிக்க முடியல. ஒடம்புல கனமே இல்லியே."

"எங்கிட்டக் கனம் இருக்கு. மடியில வந்து உக்காருங்க."

மின்பொறிகள் தயங்கின. ஒன்று மட்டும் உண்மையைச் சொன்னது. "வேணாங்க்கா. நாங்க ஒண்ணையொண்ணு தள்ளுற பெறவி. எங்கள மடியில வச்சா, நீங்களும் ஒருத்தரையொருத்தர் தள்ளித்தான் நிப்பீங்க. அப்பறம் கல்லாகவே முடியாது."

கரியாள் தன் தோளில் ஒட்டியிருந்த தங்கையைப் பார்த்தாள். அப்போது கீழேயிருந்து மறுபடியும் அதே குரல் வந்தது. தொண்டை கட்டிப்போன குரல். "ஓஓய்! முட்டை வேகுதே!"

தங்கைதான் முதலில் பேசினாள். "நாம கல்லா இருந்தப்போ நம்மள யாராச்சும் கூப்பிட்டாங்களாக்கா?"

கரியாள் தங்கையின் கையை விட்டாள். மின்பொறிகளைப் பார்த்து, "உக்காருங்க" என்றாள்.

மற்றத் தூள்களும் மடி கொடுக்க, ஒவ்வொரு தூளின் மடியிலும் மின்பொறிகள் ஏறின. ஏறிய கணமே தூள்கள் விலகின. ஆனால் மடிக் கனத்தால் மின்பொறிகளின் ஓட்டம் அடங்கியது. கூட்டங்கள் கலையாமல் நின்றன. செம்மூக்கியின் குரல் அவற்றில் போய் முட்டியது.

"ஓஓய்!" என்றது வானம்.

செம்மூக்கிக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. "இம்புட்டு நேரம் எங்க போயித் தொலைஞ்ச?" என்று அனல் பறக்கக் கத்தினாள். அந்தச் சூடு பட்டு மின்பொறிகள் மடியிலேயே துள்ளின. பதில் மங்கிப்போனது.

"வையாத புள்ள, கொஞ்சம் ஆறு" என்றான் நெட்டைக்காலன்.

அவள் அலகை மூடி மூச்சு வாங்கினாள். சூடு தணிந்ததும், "ஓய்" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். இந்த முறை முன்னைவிடப் பெரிதாக, கண்மாய் முழுக்கக் கேட்கும்படி பதில் வந்தது. அவ்வளவுதான், செம்மூக்கி ஓடினாள். வயிறு சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைகளின்மேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அடியில் மெல்லிய ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது.

அந்தத் தூளை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. முகம் தெரியாத ஒரு குருவிக்காகத் தன் ஒரே ஆசையை விட்டுக்கொடுக்க எத்தனை பெரிய மனசு வேண்டும்!

அன்று முதல்தான் ஆள்காட்டி கத்திவிட்டுத் தண்ணீருக்கு ஓடுகிறது. கோடையில் உச்சிவானம் உறைந்துபோகும் துருவ நாடுகளில் மனிதர்கள் கம்பங்களை நட்டு ரேடார் அலையை மேலே அனுப்பினாலும், அன்று முதல்தான் பதில் வருகிறது. அவர்கள் வேறொரு அலையை அனுப்பி மின்பொறிகளைச் சூடேற்றினால் அந்தப் பதில் மங்குகிறது, சூடு தணிந்ததும் ஓங்குகிறது. கூப்பிட்டவர்களுக்கெல்லாம் குரல் கொடுத்தபடி, கரியாளும் அவள் தங்கையும் இன்றைக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தொடாமல் நிற்கிறார்கள்.