இரண்டு மிதி, ஒரு மிதி

ஜெசிந்தா டீச்சருக்கு முப்பது வயது. அவரிடம் செல்போன் ஆப் எழுதக் கற்றுக்கொள்ள வந்த தாணுமூர்த்திக்கு அறுபது. வடசேரி மாடி வகுப்பில் மற்ற நாங்கள் எல்லோரும் வேலை தேடிப் படித்தோம். அவர் மனைவியைக் கூப்பிடுவதற்காகப் படித்தார்.

அவர் மனைவி பகவதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

போன ஐப்பசியில் தாணுமூர்த்திக்கு முன்னறையில் நெஞ்சு வலி வந்தது. பத்தடி தள்ளி அடுக்களையில் பகவதி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். கிடந்தபடியே தரையைக் காலால் உதைத்தார். புது வீட்டின் டைல்ஸ் தரை கொஞ்சமும் அசையவில்லை. சோறு போட வந்தபோதுதான் அவள் பார்த்தாள். அன்று பிழைத்தது பெரிய விஷயம். மறுமாதமே வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

அவர் எழுதியது சின்ன ஆப். இவர் போனில் தொட்டால் அவள் போன் அதிரும். அவள் தொட்டால் நிற்கும். எவ்வளவு நேரம் அதிர வேண்டும், எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்று எண்களை வரிசையாகக் கொடுத்து, 'முதலிலிருந்து மறுபடி' என்று சொல்லிவிட்டால் போதும்.

ஒரு திங்கட்கிழமை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"டீச்சர், அவ போனை அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டா."

"ஏன் அண்ணாச்சி?"

"குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்குதாம். கையால அப்படியே செஞ்சு காட்டுனா."

டீச்சர் அவருடைய வரிசையைப் பார்த்தார். எண்ணூறு மில்லிசெகண்டு அதிர்வு, நூறு ஓய்வு. மறுபடி எண்ணூறு, மறுபடி நூறு. பிறகு முதலிலிருந்து.

"இன்னும் எத்தனை தடவை அடிச்சா இவளுக்கு நான் கூப்பிடுகது தெரியும்?" என்று கேட்டார் தாணுமூர்த்தி. குரலில் கோபம் இருந்தது. பயமும் இருந்தது.

"பழைய வீட்டுல எப்படிக் கூப்பிடுவிய?"

"கோட்டாறுல மச்சு வீடு டீச்சர். பலகைத் தரை. முப்பத்தோரு வருஷம் இருந்தோம். ஒரு மிதி மிதிச்சா அந்தக் கடைசியில நிக்கவ காலுக்குத் தெரியும்."

"மிதிச்சுக் காட்டுங்க."

செருப்பைக் கழற்றினார். எழுந்து நின்று வலது காலால் இரண்டு முறை தரையில் மிதித்தார். பிறகு எங்கள் வகுப்பின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் சிரித்தோம். அவர் அதைக் கவனிக்கவில்லை. அந்த நேரம் அவர் வடசேரியிலேயே இல்லை. மறுபடி இரண்டு முறை மிதித்தார்.

டீச்சர் தன் போனைத் தூக்கிக் காட்டினார். அதில் நேரம் ஓடி நின்றிருந்தது.

"ரெண்டே முக்கால் செகண்டு."

"எது?"

"மிதிச்சிட்டு அக்கா பாக்காவளான்னு நின்னிய இல்லையா, அது. உங்க வரிசையில அது இல்ல."

தாணுமூர்த்தி உட்கார்ந்தார். இரண்டு சின்ன அதிர்வு எழுதினார். அதன் பின்னால் இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது என்று ஓய்வு போட்டார். ஒவ்வொரு எண்ணையும் இருமுறை சரிபார்த்தார்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வற்றல்.

"முதல் தடவையே பாத்துட்டா டீச்சர்! போன் இடுப்புல சுருக்குப்பையில இருந்தது. அதிர்ந்ததும் அவ எங்க பாத்தா தெரியுமா? போனைப் பாக்கல. குனிஞ்சு தரையைப் பாத்தா. பொறகுதான் என்னைப் பாத்தா."

மூக்கைத் துடைத்துக்கொண்டார். எங்களில் யாருக்கும் அன்று கிண்டல் வரவில்லை. கோட்டாற்றின் அந்தப் பலகைத் தரையை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அது இல்லாமல் போனது எனக்கும் வருத்தமாக இருந்தது.

வற்றல் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

"என் வேலை முடிஞ்சுது. இனி நிம்மதி," என்றார்.

டீச்சர் ஒரு வற்றலை எடுத்தபடி கேட்டார்.

"மச்சு வீட்டுல அக்கா உங்களை எப்படிக் கூப்பிடுவாவ?"

"அவளா? ஒரே ஒரு மிதி. எனக்குத்தான் காது கேக்குமே, ஒண்ணு போதும்."

"இப்ப?"

"இப்ப..." என்று தொடங்கினார். "இப்ப பக்கத்துல வந்து தோளைத் தொடுகா."

"ஒவ்வொரு தடவையும் நடந்து வாராவளா?"

"ஆமா. மூட்டு வலி வேற. புது வீட்டுக்கு வந்த பொறகு பாசம் கூடிட்டுன்னுல்லா நெனச்சேன்."

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு விழுந்தது அக்காவா இருந்தா?" என்றார் டீச்சர்.

தாணுமூர்த்தி கையிலிருந்த வற்றலைப் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டார். கையைத் துடைத்துவிட்டு கம்ப்யூட்டரை இழுத்து வைத்துக்கொண்டார். அவள் போனில் தொட்டால் தன் போன் அதிர வேண்டும் என்று எழுதத் தொடங்கினார். ஒரு அதிர்வு போட்டார். அதற்குப் பக்கத்தில் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இங்க எவ்வளவு ஓய்வு விடணும் டீச்சர்? என்னோட ரெண்டே முக்காலையே போடட்டுமா?"

"அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது அண்ணாச்சி," என்றார் டீச்சர். "மிதிச்சிட்டு நீங்க பாக்கதுக்கு எவ்வளவு நேரம் நின்னாவன்னு அக்காகிட்ட கேட்டுட்டு வாங்க."