டிவிக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

பொள்ளாச்சியில் சென்னியப்பர் என்று ஒரு மில்காரர் இருந்தார். அவர் பங்களாவில் ஆளுயர டிவி ஒன்று. உள்ளேயிருந்து திரையின் பின்புறம் ஒளி பாய்ச்சிப் படம் காட்டும் பழைய பெட்டி. மனைவி காலமாகி, பிள்ளைகளும் வெளிநாடு போனபின் அவருக்கு அதுதான் துணை. அந்தத் திரையில் கரும்புள்ளிகள் விழுந்தன. வேலைக்காரி பூவாத்தாள் எவ்வளவு துடைத்தும் போகவில்லை. புள்ளிகள் திரைக்கு உள்பக்கம் இருந்தன.

"பெட்டியைத் தொறக்காம சாயங்காலத்துக்குள்ள போக்கணும். வர்றவங்க முன்னால மானம் போகுது. முடியலைன்னா வேலையை விட்டுப் போயிரு" என்றார்.

சமையற்கட்டை ஒட்டிய அறையை விட்டால் அவளுக்கும் போக்கிடம் இல்லை. ஆனாலும் சொன்னாள்: "அது அழுக்கில்லீங்க, திருஷ்டிப் பொட்டு. இத்தனை பெரிய டிவிக்கு ஊர்க்கண்ணு படுமில்லீங்களா?"

"ஆரு கண்ணு படப்போகுது? இந்த வீட்டுக்கு ஆரு வர்றா?" என்று கத்தினார்.

"அப்புறம் ஆரு முன்னாலீங்க மானம் போகுது?"

டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பர் பக்கத்து நாற்காலியில் குவிந்திருந்த செய்தித்தாள்களை எடுத்துக் கீழே வைத்தார்.

"நின்னுட்டே பாக்காத. உக்காரு."