பெரிய ராஜாவின் டிராக்டர்

டிராக்டரின் பலம் அதன் எஞ்சினில் இருக்கிறது என்று உலகம் நம்புகிறது. படித்தவர்களும் இதில் சேர்த்தி. இது மிகப் பெரிய பிழை. ஒரு டிராக்டரில் எந்தப் பாகம் நோஞ்சானோ, அந்தப் பாகத்தின் பலம்தான் டிராக்டரின் பலம். இந்த உண்மையை நிலைநாட்டிய பெருமை மருதங்குளம் சமஸ்தானத்தைச் சேரும். நிலைநாட்டும் எண்ணம் அங்கே யாருக்கும் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

சித்திரையில் பொன்னேர் நாளன்று நல்ல நேரம் பார்த்து ராஜா வயலில் முதல் உழவுச் சால் ஓட்டுவார். அதன் பிறகுதான் குடிகள் ஏர் பூட்டலாம். காலமான பெரிய ராஜா ஒரு டிராக்டர் வாங்கி அதில் சால் ஓட்டினார். அன்றிலிருந்து அந்த டிராக்டரில்தான் ஓட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. சென்ற ஆண்டு விழாவுக்கு வந்திருந்த பக்கத்துச் சமஸ்தானத்து ராஜா, "உங்கள் வண்டிக்குக் கஷாயம் கொடுக்கக் கூடாதா? இப்படி இருமுகிறதே!" என்று கேட்டுவிட்டுப் போனார். பெரிய ராஜாவின் மகனான சின்ன ராஜாவுக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

திவான் ஏகாம்பரம் வழி சொன்னார். சபையில் நாற்காலி பெற்றவர் அவர் ஒருவரே. சீமையிலிருந்து வந்த, ஸ்பிரிங் வில் வைத்த நாற்காலி. அதில் லேசாக ஆடியபடியே பேசுவார்.

"துறைமுகத்தில் ஒரு கப்பல் டீசல் எஞ்சின் விலைக்கு வந்திருக்கிறது, மகாராஜா. அதை மாட்டினால் வண்டி கர்ஜிக்கும். மாட்டும் பொறுப்பைத் தாண்டவராயரிடம் விடலாம். அவருக்குத்தான் தெரியாத விஷயமே கிடையாதே!"

தாண்டவராயர் அரண்மனை விகடகவி; திவானுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. இது பாராட்டு அல்ல, பொறி என்பது அவருக்கு உடனே புரிந்தது. ராஜா எழுந்தே விட்டார்.

"கேளும் தாண்டவராயரே! பொன்னேர் நாளில் அப்பாவின் டிராக்டர் முதல் சால் ஓட்டியாக வேண்டும். ஓட்டவில்லையென்றால் நீர் சமஸ்தானத்தை விட்டு நடையைக் கட்டும். இன்னொன்று. அப்பா உட்கார்ந்த ஆசனத்தை மட்டும் யாரும் கழற்றக் கூடாது."

"உத்தரவு. கழற்றும் மற்றதை எல்லாம் என்ன செய்வது, மகாராஜா?"

"என் கண்ணில் படக் கூடாது. நீரே வைத்துக்கொள்ளும்!"

தாண்டவராயர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குனிந்து வணங்கினார்.

மெக்கானிக் சூசை பழைய எஞ்சினைக் கழற்றிக் கப்பல் எஞ்சினை வைத்தான். முன் அச்சு முனகியது. தாண்டவராயர் ஓடி வந்தார்.

"மகாராஜா, அச்சு அழுகிறது."

"அழுகிறதை எடுத்து எறியும்! பெரிதாகப் போடும்!"

பிறகு கிளட்ச் வழுக்கியது. கியர்பாக்ஸ் கூச்சல் போட்டது. எதையும் உடையும் வரை தாண்டவராயர் விடவில்லை. முதல் முனகலிலேயே ஓடி வந்துவிடுவார். ஒவ்வொரு முறையும் திவான் ஆடிக்கொண்டே, "தாராளமாக மாற்றும், ஓய்!" என்பார். எதிரி தன் குழியைத் தானே ஆழமாக வெட்டிக்கொள்வதாக அவருக்குச் சந்தோஷம். அடிச்சட்டமான சேசிஸ் போயிற்று. சக்கரங்கள் போயின. ஸ்டியரிங்கும் போயிற்று. கழன்றதெல்லாம் தாண்டவராயர் வீட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது. சாயங்காலங்களில் சூசையும் அங்கே போனான்.

பொன்னேர் நாள் வந்தது. ராஜா அப்பாவின் ஆசனத்தில் ஏறி அமர்ந்தார். எஞ்சின் கர்ஜித்தது. பக்கத்து ராஜா காதைப் பொத்திக்கொண்டார். நம் ராஜாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வண்டி கம்பீரமாக வயலில் இறங்கியது. பிறகும் இறங்கியது. தண்ணீர் பாய்ச்சிய வயல், கப்பலுக்குரிய எஞ்சின். அச்சு வரை சேற்றில் புதைந்து நின்றது.

"முகூர்த்தம் முடியப் போகிறது!" என்று ஜோசியர் கத்தினார்.

"தாண்டவராயர் மூட்டையைக் கட்டலாம்" என்றார் திவான்.

அப்போது வரப்புக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. எல்லாருக்கும் தெரிந்த இருமல். பழைய டிராக்டர் இருமிக்கொண்டே வந்தது. தாண்டவராயர் நின்றபடியே ஓட்டி வந்தார். ஏனென்றால் அதில் ஆசனம் இல்லை.

ராஜா சேற்றில் குதித்து, பழைய வண்டியில் ஏறி, நின்றபடியே முதல் சாலை ஓட்டி முடித்தார். குலவைச் சத்தம் எழுந்தது.

"இது பித்தலாட்டம், மகாராஜா!" என்றார் திவான். "பெரிய ராஜாவின் வண்டி சேற்றில் நிற்கிறது. ஆகவே வண்டி சால் ஓட்டவில்லை!"

"திவான் அவர்களே," என்றார் தாண்டவராயர், "சேற்றில் நிற்பதில் பெரிய ராஜா தொட்ட பாகம் ஒன்றைக் காட்டுங்கள். எஞ்சின் நீங்கள் வாங்கியது. அச்சு, கியர்பாக்ஸ், சக்கரம் எல்லாம் நீங்கள் தாராளமாக மாற்றச் சொன்னவை. அவர் ஓட்டியதெல்லாம் இதோ இருமிக்கொண்டு நிற்கிறது."

"ஆசனம் அங்கேதானே இருக்கிறது? ஆசனம் எங்கேயோ, அதுதான் ராஜாவின் வண்டி!"

"அப்படியா? நல்ல நியாயம். அப்படியானால் உங்கள் நாற்காலியை என் வண்டியில் பொருத்திவிட்டால், நாளை முதல் வண்டியே திவான் வேலையைப் பார்க்குமே!"

ராஜா சிரித்தார். சேறு படிந்த மீசை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"தாண்டவராயரே, உம் வண்டியை எனக்குத் திருப்பிக் கொடும். அந்தப் பெரிய வண்டியை நீர் எடுத்துக்கொள்ளும்."

"எடுத்துக்கொள்கிறேன், மகாராஜா. அதை வெளியே இழுக்க முதலில் ஒரு டிராக்டர் கொடுங்கள்."

ராஜா மறுபடி சிரித்து, தம் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். பிறகு சூசையைக் கூப்பிட்டார்.

"அப்பாவின் ஆசனத்தைக் கழற்றக் கூடாதென்று நானே சொல்லிவிட்டேன். அடுத்த வருஷமும் நின்றுகொண்டு ஓட்ட என்னால் ஆகாது. தாண்டவராயர் சொன்னதையும் சோதித்துப் பார்த்துவிடலாம்."

வில் வைத்த நாற்காலி பழைய டிராக்டரில் கச்சிதமாகப் பொருந்தியது.

மறுநாள் சபையில் திவான் நின்றுகொண்டே பேசினார்.