கிழங்கின் தலை

கதை கேட்க வந்தவர்களே, வயிறு நிறைந்தவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். இது உங்களுக்குத்தான்.

முன்னொரு காலத்தில் வேங்கைமாறன் என்றோர் அரசன் இருந்தான். கெட்டவன் இல்லை. எதுவும் கோடு போட்டாற்போல நேராக இருக்க வேண்டும் என்பவன், அவ்வளவுதான். மலையடிவாரத்து மரங்களை வெட்டிச் சாய்த்து, வரிசை வரிசையாக நெல் நட்டான். நாடும் மெச்சியது. பிறகு மூன்று வருடம் மழை பொய்த்தது. களஞ்சியம் காலியானது. பிள்ளைகள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார்கள்.

மலைமேல் மட்டும் பசி இல்லை என்று கேள்விப்பட்டு, தளபதியோடும் மந்திரியோடும் சமையற்காரன் நள்ளனோடும் அரசன் ஏறினான். மலைக்குடிகளின் தலைவி செம்பி, மரத்தடியில் குச்சியால் வள்ளிக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள்.

“உங்கள் தோட்டம் எங்கே அம்மா?” என்று கேட்டான் அரசன்.

“நீங்க மிதிச்சுக்கிட்டு நிக்கிறதே தோட்டந்தான் சாமி.”

அரசன் காலைத் தூக்கினான். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பலாவில் வள்ளிக்கொடி, கொடியின் நிழலில் சேம்பு, சேம்புக்கு நடுவே கீரை. எல்லாம் செம்பியின் முன்னோர் நட்டவை. பார்த்தால் காடு.

“என் மக்கள் சாகிறார்கள். விதைக்கிழங்கு கொடு தாயே” என்றான்.

“கொடுக்கலாம். வாங்குற கை எப்படின்னு பாக்கணுமே. மூணு பேரு தோண்டட்டும். ஒருத்தர் கையிலாவது தோட்டம் பிழைச்சா தர்றேன். இல்லைன்னா வந்த வழியே எறங்கிடுங்க.”

தளபதி பத்துக் கூடை தோண்டினார். குழிகள் வாயைப் பிளந்து கிடந்தன. மந்திரி ஐந்து கூடை தோண்டி, குழிகளை அழகாக மூடினார். உள்ளே மறுபடி முளைக்க ஒன்றுமில்லை. நள்ளன் ஒரு கூடைதான் தோண்டினான். ஒவ்வொரு கிழங்கின் தலையையும் கொடியோடு வெட்டி, அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளினான்.

“தலையை ஏன்யா புதைச்ச?” என்றாள் செம்பி.

“வழக்கந்தான் ஆத்தா. அரண்மனையிலயும் கழுநீர்த் தொட்டி ஓரமாப் புதைப்பேன். முற்றம் அசிங்கமாகுதுன்னு மந்திரி ஐயா மூணு தடவை திட்டியிருக்காரு. வயித்தை ரொப்புனதை அடியோட முழுங்குனா, உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணுன மாதிரி இல்லையா?”

மந்திரி ஒரு மரத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செம்பி பசித்தவர்களுக்குக் கூடை கூடையாகக் கிழங்கு கொடுத்தாள். நடுவதற்குத் தலைகளும் கொடுத்தாள். வரிசையாக நடலாமா என்று கேட்க வாயெடுத்த அரசன் அப்படியே மூடிக்கொண்டான். கீழே இறங்கி, அடிவாரத்தில் எஞ்சியிருந்த மரங்களின் நிழலில் நட்டார்கள். மழை திரும்பியதும் புது மரங்களும் வைத்தார்கள்.

சில வருடங்கள் கழித்து அயல்நாட்டுத் தூதன் ஒருவன் வந்தான்.

“அரசே, வழியெல்லாம் காடாக இருக்கிறதே. உங்கள் விளைநிலம் எங்கே?”

“அதை மிதித்துக்கொண்டுதான் வந்தீர்கள்” என்றான் வேங்கைமாறன். அவனே குனிந்து ஒரு கிழங்கு தோண்டினான். தலையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மலையைப் பார்த்துக் கைகூப்பினான். பிறகுதான் விருந்தாளிக்கு அடுப்பு மூட்டச் சொன்னான்.

பசி தீர்த்த மண்ணுக்கு அதன் பங்கைத் திருப்பிக் கொடுப்பதே நன்றி. அந்த நன்றிதான் நாளைக்கும் சோறு போடும்.