தெரியுது சார்

குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று. உலக வழக்கத்துக்கு இது தலைகீழ்தான். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

குரு பொற்கொடி, அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். பதினாறு வருடமாக எந்த ஊரில் அறிவியல் திருவிழா என்றாலும் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சீடர் சங்கரபாண்டியன் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு விழாவில் அந்தத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தவர், அன்றிலிருந்து டீச்சர் பின்னாலேயே சுற்றுகிறார்.

சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் அன்று விழாவின் இரண்டாம் நாள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பக்கம் சோடா உப்பு எரிமலை பொங்கிக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் தெர்மாகோல் கிரகங்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எண்ணூறு பிள்ளைகளுக்கு ஒரே ஒரு தொலைநோக்கி, யானைப் பசிக்குச் சோளப்பொரி. சங்கரபாண்டியனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அதைவிட மனசு விட்டுப்போயிருந்தது.

தக்காளிச் சாதப் பொட்டலத்தைப் பாதியில் மூடிவிட்டுக் கேட்டார்.

"டீச்சர், மூணு வருசமா பாக்குறேன். பஸ்ஸுல வர்றாங்க, கண்ணை வச்சு எடுக்குறாங்க, போயிர்றாங்க. இதனால அந்தப் பிள்ளைகளுக்கு என்னதான் ஆகுது?"

டீச்சருக்கும் அலுப்புதான். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வரிசை வரட்டும்ணே. பாத்துட்டுச் சொல்றேன்."

இதுதான் தனக்குக் கடைசி விழா, இனிமேல் வரமாட்டேன் என்றும் சங்கரபாண்டியன் சொல்லிவிட்டார். டீச்சர் போங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை.

அந்தத் தொலைநோக்கிக்கு மோட்டார் கிடையாது. சூரியன் நகர நகர, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் பக்கத்தில் இருக்கும் திருகைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். முனையில் கட்டியிருக்கும் கறுப்பு வடிகட்டித் தாள் வழியாகச் சூரியன் எலுமிச்சம்பழம் போலத் தெரியும், மேலே இரண்டு கரும்புள்ளிகளோடு. திருப்ப மறந்தால் பழமும் இல்லை, புள்ளியும் இல்லை. வெறும் கும்மிருட்டு.

அடுத்த பள்ளியின் வரிசை வந்து நின்ற நேரத்தில், மேடையில் மைக் மக்கர் பண்ணுகிறது என்று டீச்சரை அழைத்துப் போய்விட்டார்கள். பிள்ளைகளோடு வந்த ஆசிரியை கடிகாரத்தைக் காட்டிக் காட்டி அவசரப்படுத்தினார். பிள்ளைகளை நாலு மணிக்குள் ஊர் சேர்க்க வேண்டுமாம். சங்கரபாண்டியன் வரிசையைத் தள்ளிவிடுவதிலேயே குறியாகிவிட்டார். கை திருகை மறந்தது.

"தெரியுதா?"

"தெரியுது சார்."

"அடுத்து."

"சூப்பரா இருக்கு சார்."

"அடுத்து."

இப்படியே போனது. நடுவில் ஒரு பெண், ஆறாவது ஏழாவது படிப்பாள், கண்ணை எடுக்கவே இல்லை.

"தெரியல சார்."

"ஒத்தக் கண்ணை மூடிட்டுப் பாரு."

"மூடிட்டுத்தான் பாக்குறேன். கருப்பா இருக்கு சார். ஒண்ணுமே இல்ல."

வரிசை சிரித்தது. ஆசிரியை அவள் பெயரைச் சொல்லி அதட்டினார். மகாலட்சுமி என்று பெயர். சங்கரபாண்டியனும் தன் பங்குக்கு, நின்னு நிதானமாப் பாக்கத் தெரியாதா என்று கேட்டு அவளை நகர்த்திவிட்டார். அடுத்து வந்தவள் கண்ணை வைப்பதற்குள்ளேயே தெரியுது சார் என்றாள்.

வரிசை முடிந்தது. பிள்ளைகள் மதிலோரம் நின்ற பஸ்ஸில் ஏறினார்கள். டீச்சர் திரும்பி வந்து, பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"அண்ணே, சூரியனைக் காணோமே."

சங்கரபாண்டியன் கண்ணை வைத்தார். இருட்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் எழுபது பிள்ளைகளாவது அந்த இருட்டைத்தான் பார்த்திருக்க வேண்டும். அவருக்கு முதலில் வெட்கமாக இருந்தது. வெட்கத்தை எவ்வளவு நேரம்தான் தாங்குவது, அதனால் கோபப்பட்டார்.

"பாத்தீங்களா டீச்சர்? எழுபதும் வாய் கூசாமத் தெரியுதுன்னு சொல்லுச்சு. இதுக்கா இந்த வெயில்ல நிக்குறோம்?"

"எழுபதுமா?"

"ஒண்ணைத் தவிர."

"அது என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணுமே இல்லைன்னுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் தலையிலிருந்த துண்டை எடுத்து உதறிவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார். இத்தனை வயதுக்கு மேல் ஒரு சின்னப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று வழியெல்லாம் யோசித்தார்.

மகாலட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்து, விழாக்காரர்கள் கொடுத்த கருத்துப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்.

"பாப்பா, நீ சொன்னதுதான் சரி. நான்தான் திருப்ப மறந்துட்டேன். அதுல ஒண்ணுமே தெரியல."

அந்தப் பெண் முன் இருக்கையில் இருந்த ஆசிரியையைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள்.

"இல்ல சார். எனக்குத் தெரிஞ்சுச்சு."

"நீ தெரியலன்னியேம்மா."

"அப்புறம் தெரிஞ்சுச்சு சார். மஞ்சளா, வட்டமா இருந்துச்சு."

படிவத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தாள். குண்டு குண்டான அழகான கையெழுத்து. ஊரோடு ஒத்துப் போவதற்கு அவளுக்குக் கால் மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. வா, மறுபடி காட்டுகிறேன் என்று அவர் கூப்பிட்டதற்கு ஆசிரியை நேரமில்லை என்றுவிட்டார். அவளும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறாராம், வந்ததும் கிளம்பிவிடுவார்களாம்.

அவர் திரும்பி வந்தார். முப்பதடி தூரம்தான். அதை நடப்பதற்குள் ஓய்ந்துவிட்டார். தொலைநோக்கி முன்னால் அதற்குள் வேறொரு பள்ளி வரிசை கட்டி நின்றது. எல்லாம் பையன்கள், கூடவே சில அப்பா அம்மாக்கள்.

"அந்தப் பிள்ளையும் தெரிஞ்சுச்சுன்னு சொல்லிருச்சு டீச்சர்" என்றார். "நான் கிளம்புறேன். என்னால இதுக்கு மேல முடியாது."

டீச்சர் திருகைப் பிடித்து இரண்டு சுற்று சுற்றினார். வரிசையில் முதலில் நின்ற பையனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்கண்ணே."

அவர் குனிந்தார். சூரியன் இல்லை. டீச்சர் வேண்டுமென்றே விலக்கி வைத்திருக்கிறார் என்பது புரிந்தது. எதற்கு என்பதுதான் புரியவில்லை.

"என்ன தெரியுது?"

வரிசை முழுவதும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தவர் அவர். அவரை யாரும் கேட்டதில்லை.

"ஒண்ணும் தெரியல" என்று முனகினார்.

யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். சங்கரபாண்டியன் நிமிரவில்லை.

டீச்சர் மதிலோரம் அந்தப் பெண் இருந்த ஜன்னலைப் பார்த்தார்.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே. பஸ் இன்னும் கிளம்பல."