அம்மா தூங்குகிறாள்

மலையடிவாரத்தில் ஒரு மடம். மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் பாறையிடுக்கில் வற்றாத ஒரு சுனை. அங்கே இருந்தவரை ஊர் சுனைச்சாமி என்றது. சாமி என்றதும் நரைத்த தாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு நாற்பத்து நாலு வயது. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை. வாரம் ஒருமுறை முகம் மழித்துக்கொள்வார்.

நரையெல்லாம் சீடருக்குத்தான். பெயர் உலகநாதன், வயது அறுபத்திரண்டு, உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். மகள் பெங்களூரில் குடித்தனம். ஆளில்லாத வீட்டைப் பூட்டிக்கொண்டு தினமும் காலை பஸ்ஸில் மடத்துக்கு வந்துவிடுவார். வாசல் கூட்டுவார், சுனையில் தண்ணீர் மொண்டு வருவார், வருகிறவர்களை வரிசையாக உட்கார வைப்பார். முப்பது வருஷம் பிள்ளைகளை அதட்டிய குரல் சும்மா கிடக்குமா? மடத்திலும் "சத்தம் போடாதீங்க" என்பது அவர்தான்.

சாமியிடம் ஒரு வழக்கம் உண்டு. பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று நிறுத்துவார். தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்ப்பார். யாரோ காதோரம் பேசுவதைக் கேட்கிற பாவனையில் இருப்பார். சில சமயம் சிரிப்பார், சில சமயம் முகம் சுருங்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

அந்த நேரத்தில் கூடியிருப்பவர்கள் கைகூப்பிவிடுவார்கள். புதிதாக வந்தவர் யாராவது திருதிருவென்று விழித்தால் உலகநாதன் குனிந்து சொல்வார், "சாமிக்கு உத்தரவு வருது." சொல்லும்போது அவருக்கே உடம்பு சிலிர்க்கும். மனுஷன் தனக்கு வசதிப்பட்டதைத்தான் பார்ப்பான். தலைமையாசிரியர் மட்டும் அதற்கு விலக்கா என்ன.

ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. உலகநாதன் விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பாதி வாசல் கூட்டாமல் கிடந்தது.

முந்தின நாள் மாலை ஒரு போன் வந்திருந்தது. அவருடைய தம்பி சபாபதி பதினான்கு வருஷமாக இருக்கும் மனநலக் காப்பகத்திலிருந்து மேனேஜர் பேசினார். "ஆறு வருஷமா உங்க தம்பி நல்லா இருக்காருங்க. மாத்திரையெல்லாம் அவரே எடுத்துப் போட்டுக்கறாரு. தோட்டம் பூரா அவர் பொறுப்புதான். இனிமே இங்க இருக்கத் தேவையில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். அவருக்கும் வீட்டுக்கு வரணும்னுதான் ஆசை. வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார் உலகநாதன். அதன்பிறகு யோசனைதான், சோறுகூட இறங்கவில்லை.

சாமி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"கேக்கறதுக்கு ஒண்ணு இருக்குங்க சாமி."

"கேளுங்க வாத்தியாரே."

"யார் கண்ணுக்கும் தெரியாத ஆளுங்க பேசறது ஒருத்தனுக்கு மட்டும் காதுல கேக்குது. அப்படிப்பட்டவனை வீட்டுல வச்சுக்க முடியுங்களா?"

"யாரு அவரு?"

உலகநாதன் விளக்குமாற்றில் துருத்திக்கொண்டிருந்த ஈர்க்கு ஒன்றை உள்ளே தள்ளினார். "தெரிஞ்சவர் ஒருத்தரோட தம்பிங்க."

சாமி எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் ஓரம் நைந்த ஒரு நோட்டு இருந்தது.

"மாசாமாசம் நான்தான் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிட்டு வருவேன். இந்த மாசம் நீங்க போங்க. நாளைக்குப் புதன்கிழமை. நாளைக்குத்தான் தருவாங்க."

"நான் கேட்டதுக்கு..."

"போயிட்டு வாங்க. பேசலாம்."

சாமிக்குச் சர்க்கரை இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டார் உலகநாதன். குருவின் நோட்டைப் பிரித்துப் படிப்பது மரியாதையில்லை என்று மறுநாள் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிற பெண்தான் பிரித்துப் படித்தாள்.

"செல்லமுத்து, நாப்பத்தி நாலு வயசு. பதினெட்டாம் நம்பர் ரூம், நேராப் போய் வலது பக்கம்."

சாமிக்குச் செல்லமுத்து என்று ஒரு பெயர் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பதினெட்டாம் அறைக்கு மேலே பலகை இருந்தது. மனநலப் பிரிவு. அவர் அதை மூன்று தடவை படித்தார். பிறகு வந்த வழியே திரும்பிப் போனார்.

"சர்க்கரைக்கு எந்த ரூமுங்க?"

"அது வேற ரூம். உங்க நோட்டுக்கு இதுதாங்க."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைக்கிற சாக்கில் பாதி முகத்தை மூடிக்கொண்டார். பெஞ்சில் உட்காராமல் தூண் ஓரமாக நின்றார். பெஞ்சில் ஒரு பெண் டிபன் பாக்ஸைத் திறந்து புருஷனுக்கு இட்லி கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி எதையோ குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். காக்கிச் சட்டை போட்ட டிரைவர் ஒருவர் நேரமாகிறது என்று அலுத்துக்கொண்டார். இவர்களில் யார் நோயாளி, யார் துணைக்கு வந்தவர் என்று உலகநாதன் உற்று உற்றுப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை.

மாத்திரை கொடுக்கிற ஜன்னலில் நோட்டை நீட்டினார்.

"சார், நீங்களா? என்னைத் தெரியுதுங்களா சார்? அமுதவல்லி. பத்தாவது பி செக்‌ஷன்."

போச்சு என்று நினைத்தார். "நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேன் சார். யாருக்கு சார் மாத்திரை?"

"பக்கத்து வீட்டுக்காரருக்கும்மா. அவரால வர முடியல. அதான் நான்."

"பெரிய மனசு சார் உங்களுக்கு. இதுக்கெல்லாம் கூடப் பொறந்தவங்களே வர யோசிப்பாங்க."

அமுதவல்லி நீட்டிய மாத்திரை அட்டையில் இருந்த பெயரைப் படித்தார். அந்தப் பெயரை அவருக்குத் தெரியும். அவருடைய அம்மா டம்ளர் அடியால் நுணுக்கி, சபாபதிக்குத் தெரியாமல் ரசத்தில் கலந்த அதே மாத்திரை.

திரும்பி வரும்போது முதலில் கோபம்தான் வந்தது. ஏமாந்துபோனோமே என்கிற கோபம். போயும் போயும் இந்த ஆள் காலிலா இரண்டு வருஷம் விழுந்தோம் என்று பல்லைக் கடித்தார். பஸ் இரண்டு ஊர் தாண்டியது. அப்புறம் வேறொன்று ஞாபகம் வந்தது. பின்கட்டுத் தொட்டி ஓரத்தில், இருபத்தைந்து வயது சபாபதி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். "என்னடா இளிப்பு?" என்று அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தது உலகநாதன்தான். மந்திரவாதி வந்து மிளகாய் வற்றலை எரித்துப் புகை போட்டபோது தம்பியின் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டதும் அவர்தான். இரண்டு வருஷம் அப்படிப் போனபிறகுதான் டாக்டரிடமே கூட்டிப் போனார்கள்.

தம்பி செய்தபோது அடி. சாமி செய்தபோது கும்பிடு.

மடத்தில் சாமி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"கெடச்சுதுங்களா வாத்தியாரே?"

"கெடச்சுதுங்க."

"யாருக்குன்னு கேட்டிருப்பாங்களே."

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

உலகநாதன் மாத்திரைப் பையைக் கீழே வைத்தார். "பக்கத்து வீட்டுக்காரருக்குன்னு சொன்னேன்."

சாமி முகம் மாறவில்லை. அடுத்த காயை எடுத்து நார் உரித்தார். "மொதல்ல எங்கப்பாதான் வாங்கிட்டு வருவார். அவரும் லாரி ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவருக்குன்னுதான் சொல்லுவாராம்."

"எத்தனை வருஷமாங்க?"

"இருபத்தி மூணு வயசுலேர்ந்து."

"அப்ப நீங்க தலையைச் சாய்ச்சுக் கேப்பீங்களே, அந்த உத்தரவு?"

"உத்தரவுன்னு சொன்னது நீங்க. மாத்திரை போட்டும் எனக்கு முழுசாப் போகல. முன்ன ஒரு சந்தையே இருந்துச்சு, இப்ப ரெண்டு பேர்தான். ஒருத்தர் திட்டுவார். இன்னொருத்தர் எதையாச்சும் சொல்லிச் சிரிக்க வைப்பார். அவங்க பேசி முடிக்கட்டும்னு இருந்துட்டு நான் பேச ஆரம்பிப்பேன்."

"எங்ககிட்ட நீங்க சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும். பயம். மாத்திரை போடறவன் முன்னால யார் வந்து உக்காருவாங்க? நீங்க கும்பிட்டது எனக்கும் சௌகரியமா இருந்துச்சு. அது என் தப்புதான்."

சமையல்கட்டில் உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. உலகநாதன் எழுந்து போய்ப் பானை மூடியை ஒதுக்கி வைத்துவிட்டு வந்தார்.

"நேத்து நான் கேட்டது தெரிஞ்சவரோட தம்பி இல்லீங்க. என் தம்பி. காப்பகத்துல இருக்கான், வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க."

"பேரு?"

"சபாபதி."

இரண்டு வருஷத்தில் அந்தப் பெயர் மடத்தில் ஒலித்தது அதுதான் முதல் தடவை.

"சபாபதிக்கு எத்தனை பேர் பேசறது கேக்குது?"

"தெரியாதுங்க."

"என்ன சொல்லுவாங்களாம்?"

"கேட்டதில்லீங்க."

சாமி அரிவாள்மணையை மடக்கி வைத்தார். "நோய் என்னன்னு இப்பத் தெரிஞ்சுக்கிட்டீங்க. மாத்திரை இருக்கு. வீடும் சும்மாத்தான் கெடக்கு. அப்புறமும் உங்களுக்கு என்ன பயம்?"

உலகநாதன் சொல்ல ஆரம்பித்தபோது வாத்தியார் குரல் அவரிடம் இல்லை.

"ஞாயித்துக்கிழமையானா போன் பண்ணுவான் சாமி. 'அம்மா என்ன பண்ணுதுண்ணா?'ன்னு கேப்பான். தூங்குதுடாம்பேன். எழுப்ப வேண்டாம்ணான்னு சொல்லி வச்சிடுவான்." துண்டை உருவி மடியில் வைத்துக்கொண்டார். "அம்மா போய் ஒன்பது வருஷம் ஆச்சு."

சாமி நறுக்கிய காயைத் தட்டோடு ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"எங்க வழக்கத்துல அப்பாவுக்கு மூத்தவனும் அம்மாவுக்கு இளையவனும்தான் கொள்ளி வைக்கணும். அப்ப மகளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்த நேரம். சம்பந்தி வீட்டுல எனக்குக் கூடப் பொறந்தவங்களே இல்லைன்னு சொல்லி வச்சிருந்தேன். அவங்களும் எழவுக்கு வந்து நிக்கிறாங்க. இவனைக் கூட்டிட்டு வந்தா என்ன நடக்குமோன்னு நானே கொள்ளி வச்சுட்டேன். காப்பகத்துலயும் சொல்லல. முப்பதாம் நாள் காரியம் முடியட்டும் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

அவர் அழுதார். அறுபத்திரண்டு வயதில் அழுவதற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழுதார்.

"வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வந்தா, வாசப்படி ஏறும்போதே அம்மான்னுதான் கூப்பிடுவான். என்ன சொல்றது சாமி?"

"வீட்டுக்கு வர்ற வரைக்கும் வச்சிருக்காதீங்க. அங்கயே, டாக்டர் பக்கத்துல இருக்கும்போதே சொல்லுங்க. அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லுங்க. என்னைக்குன்னு சொல்லுங்க. யார் கொள்ளி வச்சாங்கன்னும் சொல்லுங்க."

"தாங்குவானா? ஆறு வருஷமா நல்லா இருக்கான். நான் போய் இதைச் சொல்லி, அவனுக்குத் திரும்பவும் வந்துட்டா?"

சாமி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"அழுவார். உங்க சட்டையைப் பிடிச்சு உலுக்குவார். பத்து நாளைக்கு உங்ககூடப் பேசமாட்டார். அம்மா போனதை ஒன்பது வருசம் மறைச்சு வச்சா யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. அதைப் பாத்துட்டு அவருக்கு வியாதி வந்துடுச்சுன்னு சொல்லி நீங்க தப்பிச்சுக்காதீங்க வாத்தியாரே."