பின்சீட்டு

குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்தாறு. தூத்துக்குடியை ஒட்டிய முத்தையாபுரத்தில் இப்படி ஒரு தலைகீழ் ஏற்பாடு ஐந்து வாரமாக நடந்துகொண்டிருந்தது. ஊர் சிரிக்கத்தான் செய்தது. சிரிக்கிறவர்களின் வண்டியும் ஒருநாள் அந்தக் குருவிடம்தான் போய் நிற்க வேண்டும் என்பதால் கொஞ்சம் அடக்கிச் சிரித்தது.

குருவின் பெயர் பெனடிக்டா. மெயின் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்ப்பவள். பேச்சு குறைவு. பத்து வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு ஸ்பேனரை நீட்டிவிட்டுச் சும்மா இருப்பாள்.

சீடர் தங்கசேர்மன். உப்பளத்தில் மோட்டார் போட்டுப் பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. பதினேழு வருஷமாக ஒரே வண்டியில் தினமும் பதினோரு கிலோமீட்டர் போய், அதே பதினோரு கிலோமீட்டர் திரும்பி வருகிறவர். அந்தச் சாலையில் இரண்டு பக்கமும் உப்பு. காற்றிலும் உப்பு. அங்கே ஓடுகிற வண்டிக்குத் துரு பிடித்தது என்று யாராவது ஆச்சரியப்பட்டால் அவர் வெளியூர்க்காரர்.

வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று முதல் ஞாயிறு வந்து நின்றபோது அவளைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டார். போல்ட்டைத் தப்பான பக்கம் திருகி மரையைக் கெடுத்த பிறகு 'மேஸ்திரி' என்று மாற்றிக்கொண்டார்.

அன்று ஐந்தாவது ஞாயிறு. காலை எட்டு மணிக்கே வண்டியோடு வந்துவிட்டார். முந்தின நாள்தான் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். வண்டி பளபளவென்று இருந்தது.

"எப்படி இருக்கு மேஸ்திரி?"

"பெயிண்டா, வண்டியா?"

"ரெண்டும்தான்."

அவள் சாக்கை விரித்து வண்டிக்குப் பக்கத்தில் படுத்தாள். பின் மட்கார்டின் அடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினாள். மேலே, புதுப் பெயிண்டைப் பிளந்துகொண்டு அதன் முனை வெளியே வந்தது.

தங்கசேர்மன் குனிந்து பார்த்தார். "நேத்துதான அடிச்சேன்" என்றார்.

"மேல அடிச்சிருக்கீய."

"மேலதான ஆளுக கண்ணுல படும்?"

"துரு கீழ இருந்துல்லா வருது."

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள். இடப்பக்கம், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், சேலை மாட்டாமல் இருக்க வைத்த கம்பிக்குக் கீழே குனிந்து பார்த்தாள். அங்கே இரண்டு போல்ட் ஓட்டைகள் வெறுமனே இருந்தன.

"இங்கன என்ன இருந்துச்சு அண்ணாச்சி?"

"அதுவா, ஒரு தகடு. துருப்பிடிச்சு எந்நேரமும் கிடுகிடுன்னு ஆடிக்கிட்டே வரும். தலைவலி. பொங்கல் கழிஞ்சு ஒருநா சுத்தியலால ரெண்டு போடு போட்டுக் கழட்டித் தூர எறிஞ்சேன். அன்னையோட சத்தம் நின்னுட்டு." சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது. குருவிடம் சேர்வதற்கு முன்பே தானாகச் செய்த ரிப்பேர் அது ஒன்றுதான்.

பெனடிக்டா தலையாட்டினாள்.

அவர் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். கையில் உப்புத்தாள் இருந்தது. தேய்க்கவில்லை.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"இந்த வண்டிக்கு நான் இன்னும் என்னதான் செய்யணும்?"

"மட்கார்டு மாத்தணும்."

"அதச் சொல்லல." அவர் உப்புத்தாளை மடித்தார், பிரித்தார். "சேர்மக்கனி ஏற மாட்டேங்கா."

சேர்மக்கனி அவர் மனைவி. அதே சாலைக் கோடியில் உப்புப் பாக்கெட் போடுகிற ஷெட்டில் அவளுக்கு வேலை. பதினேழு வருஷமும் அவர் வண்டியின் பின்னால்தான் போனாள், வந்தாள். நாற்பது நாளாகப் போவதில்லை. ஷெட்டிலிருந்து வருகிற லோடு வேனில் மற்ற பெண்களோடு ஏறி நின்றுகொண்டு போகிறாள்.

"சண்டையா?" என்றாள் பெனடிக்டா.

"சண்டைன்னா எனக்குத் தெரியுமே. சோறு போடுதா, குழம்பு ஊத்துதா, மருந்து எடுத்துத் தாரா. மூஞ்சிய மட்டும் பாக்க மாட்டேங்கா. வண்டி பழசாயிட்டேன்னு கூச்சப்படுதாளோன்னு நெனச்சேன். அதுக்குத்தான ஒங்ககிட்ட வந்ததே. சைலன்சர் மாத்தியாச்சு. சீட்டு புதுசா தச்சாச்சு. செயினு பல்லு எல்லாம் புதுசு. ஒவ்வொண்ணையும் காட்டுவேன். நல்லாருக்குன்னுட்டு வேன்ல ஏறிருவா."

"ஏன் வேன்ல போறாவன்னு கேட்டீயளா?"

"கேக்காம இருப்பனா? கேட்டேன். 'சொன்னேம்லா'ங்கா."

"என்ன சொன்னாவ?"

"அதான் மேஸ்திரி தெரியல." தங்கசேர்மன் உப்புத்தாளை மறுபடி மடித்தார். "நாப்பது நாளா யோசிக்கேன். அவ என்கிட்ட ஒண்ணுமே சொல்லல. நாடாக்கட்டில்ல படுத்துக்கிட்டு ஒவ்வொரு நாளா எண்ணிப் பாக்கேன். சமையக்கட்டுல சொன்னாளா, கோயில்ல சொன்னாளா, மக வீட்டுக்குப் போனப்ப சொன்னாளா. இல்ல. சத்தியமா இல்ல. ஆனா அவ பொய் சொல்லுதவ கிடையாது."

பெனடிக்டா ஒரு போல்ட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"வண்டில போகும்போது என்ன பேசுவீய?"

"நான் எங்க பேச? அவதான் பேசிக்கிட்டே வருவா. காத்து அடிக்கும், தலையில ஹெல்மெட் வேற. ஒண்ணும் விளங்காது. நான் ஆமா ஆமான்னுருவேன்."

"எப்பவும் ஆமாவா?"

"இல்லன்னு சொன்னா ஏன்னு கேப்பாள்லா."

இதைச் சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நாளைக் காலை அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"நாளைக்கு ஷெட்டுல யாருக்கு எந்த ஷிப்டு வேணும்னு கேப்பாவ மேஸ்திரி. மத்தியான ஷிப்டுக்கு மாறிக்கிடுதேன்னு சொல்லப் போறாளாம். மாறிட்டான்னா நான் வீட்டுக்கு வரும்போது அவ இருக்க மாட்டா. அவ வரும்போது நான் தூங்கிருப்பேன். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஞாயித்துக்கிழமைதான் ஒருத்தர ஒருத்தர் பாக்கணும். எனக்குப் பயமா இருக்கு."

பெனடிக்டா போல்ட்டைக் கீழே வைத்தாள்.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"ஓட்டிப் பாக்கணும்."

அவர் சாவியைக் கொடுத்தார். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளப்பினாள். "ஏறுங்க" என்றாள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கினார்.

"அப்படி இல்ல. ஒரு பக்கமா உக்காருங்க. மைனி எப்படி உக்காருவாவளோ, அப்படி."

"என்ன மேஸ்திரி வெளயாடுதீய?"

அவள் பதில் சொல்லவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து வாரத்தில் அவர் ஒன்று மட்டும் கற்றிருந்தார். மேஸ்திரி சும்மா இருந்தால் சொன்னதைச் செய்துவிட வேண்டும். மடித்த வேட்டியை இறக்கிவிட்டு ஒருக்களித்து ஏறி உட்கார்ந்தார். தன் வண்டியின் பின்சீட்டில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை.

டீக்கடை வாசலில் யாரோ, "என்ன அண்ணாச்சி, மறுவீட்டுக்கா?" என்றார்கள். தங்கசேர்மன் கடலைப் பார்ப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் கடல் இல்லை, ரேஷன் கடைதான் இருந்தது.

வண்டி வீடுகளைத் தாண்டி உப்பளச் சாலைக்கு வந்தது. கால் ஒன்றிலும் படாமல் தொங்கியது. பின்னால் கால் வைக்கிற மடக்குக் கம்பி ஒன்று இருக்குமே என்று குதிகாலால் தேடினார். இருந்தது. துருவில் இறுகிப் போய் மடங்கியபடியே நின்றது. குதிகாலால் நான்கு தடவை மிதித்தும் அசையவில்லை. எப்போதிருந்து இப்படி இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

முதல் பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. சறுக்கப் பார்த்தார். சீட்டுக்குப் பின்னால் இருந்த கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது கிலோமீட்டரில் தொடை இழுக்க ஆரம்பித்தது. கணுக்காலுக்குப் பக்கத்தில் செயின் கவர் உரசியது. காலைத் தூக்கிப் பிடித்தால் இடுப்பு வலித்தது, இறக்கினால் காலைச் செயின் இழுத்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"மேஸ்திரி, கொஞ்சம் மெதுவாப் போங்க."

"ஆமா, ஆமா" என்றாள் முன்னால் இருந்தவள்.

வேகம் குறையவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் குரலை உயர்த்தினார். "மேஸ்திரி, காலு வைக்க எடமில்ல."

"ஆமா அண்ணாச்சி."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எடமில்லை என்பதற்கு ஆமா என்றால் நிறுத்த வேண்டாமா? எட்டிப் பார்த்தார். ஹெல்மெட்டின் பின்பக்கம்தான் தெரிந்தது. முகம் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வருகிற மாதிரி வழவழவென்று ஒரு உருண்டை.

"நிறுத்துங்க மேஸ்திரி. காலு மரத்துப் போச்சு."

"ஆமா, ஆமா."

இன்னும் இரண்டு தடவை சொன்னார். இன்னும் இரண்டு ஆமா வந்தது. கோபம் வந்தது. அப்புறம் கோபம் போய் ஒரு மாதிரி வெட்கம் வந்தது. ஐந்தாவது கிலோமீட்டரில், உப்பு குவித்து ஓலை போட்டு மூடியிருந்த இடத்தைத் தாண்டும்போது, பேச்சை விட்டுவிட்டார். சாலை ஓரத்தைப் பார்த்துக்கொண்டே போனார். பதினேழு வருஷமாகப் போகிற சாலை அது. பின்னால் உட்கார்ந்து பார்த்தபோது வேறு ஊர் மாதிரி இருந்தது.

ஷெட்டின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் பெனடிக்டா வண்டியை நிறுத்தினாள். தங்கசேர்மனால் உடனே இறங்க முடியவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தரையில் ஊன்றினார். ஆயிரம் எறும்பு கடித்தது.

உள்ளங்கை பிசுபிசுத்தது. திருப்பிப் பார்த்தார். செங்காவியாகத் துரு அப்பியிருந்தது. கைப்பிடிக் கம்பியின் மேல்பக்கம் நேற்று அவர் அடித்த பெயிண்ட் பளபளத்தது. அடிப்பக்கம் அவர் கையே போகாத பக்கம்.

மார்ச்சு மாதம் முழுக்கச் சேர்மக்கனி வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உள்ளங்கையில் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. பாக்கெட் போட்டதில் உப்பு எரிகிறது போல என்று நினைத்திருந்தார். கேட்டதில்லை.

பெனடிக்டா ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கி வைத்திருந்த கோபம் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தது.

"என்ன மேஸ்திரி இது? மனுசன் பின்னால இருந்து கத்துதேன், நீங்க பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே வாரீய. மெதுவாப் போகச் சொன்னேன். நிறுத்தச் சொன்னேன். காலு வைக்க எடமில்லன்னு சொன்னேம்லா."

சொன்ன வாய் மூடவில்லை. அவர் சொன்னது அவர் காதிலேயே போய் விழுந்தது.

பெனடிக்டா சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நானும் ஒவ்வொரு தடவையும் ஆமான்னு சொன்னேனே, அண்ணாச்சி."

தங்கசேர்மன் சாவியை வாங்கிக்கொண்டார். கால் வைக்கிற தகடு இருந்த அந்த இரண்டு ஓட்டைகளையும் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். வீட்டுக்குப் பதினோரு கிலோமீட்டர் இருந்தது.